நாற்பதில் ஒரு பங்கு

வீசிங் உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: “மாத்திரையே போதும். பம்ப் பழகிவிட்டால் அப்புறம் விடாது.” மாத்திரை சாது, வாயில் வைத்து இழுக்கும் பம்ப் (இன்ஹேலர்) முரடு என்ற நம்பிக்கை அது. கணக்கோ தலைகீழாக இருக்கிறது. சால்பியூட்டமால் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். 4 மில்லிகிராம் மாத்திரையாக விழுங்கும் இதே மருந்து, பம்ப்பை ஒருமுறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம்தான் வரும். நாற்பதில் ஒரு பங்கு!

மாத்திரை குடலில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றித்தான் நுரையீரலுக்கு வருகிறது. அதனால்தான் நெஞ்சு படபடக்கிறது, விரல்கள் நடுங்குகின்றன. பம்ப் மருந்து போகவேண்டிய இடத்துக்கே போகிறது. மூச்சுக்குழாயைச் சுற்றி வளையம் வளையமாகத் தசை இருக்கிறது. ஆஸ்துமாவில் அது இறுகிக்கொள்கிறது. தசைச் செல்களின் மேலுள்ள பீட்டா-2 ஏற்பிகளில் மருந்து பொருந்தியதும் தசை தளர்கிறது. சில நிமிடங்களில் மூச்சு விட முடிகிறது. பலன் 4 முதல் 6 மணி நேரம் நிற்கும்.

இந்தக் கருவி பிறக்கக் காரணம் ஒரு சிறுமி. 1955இல் அமெரிக்காவின் ரைக்கர் மருந்து நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மெய்சனிடம், ஆஸ்துமா இருந்த அவருடைய 13 வயது மகள் கேட்டாள்: தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே போல என் மருந்தும் ஏன் வரக் கூடாது? அடுத்த ஆண்டே பம்ப் கடைக்கு வந்தது. 1969இல் சால்பியூட்டமாலும் வந்தது.

ஆனால் தளர்வது தசை மட்டுமே. ஆஸ்துமாவில் குழாயின் உள்சுவர் அழற்சியால் வீங்கியிருக்கும். அந்த வீக்கத்தை சால்பியூட்டமால் தொடுவதில்லை. மூச்சு சீரானதும் நோயே போய்விட்டதாக நினைக்கிறோம். உள்ளே வீக்கம் வளர்கிறது. மறுபடி அழுத்துகிறோம். ‘பழகிவிட்டது’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் கட்டுக்கு அடங்காத ஆஸ்துமாவைத்தான். வீக்கத்தைக் குறைப்பது உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. அது இல்லாமல் சால்பியூட்டமாலை மட்டும் நம்பி பெரியவர்களின், பதின்ம வயதினரின் ஆஸ்துமாவுக்கு வைத்தியம் செய்யக் கூடாது என்று ஜினா என்ற சர்வதேச வழிகாட்டுக் குழு 2019இல் சொன்னது. 200 அழுத்தல் கொண்ட டப்பா ஆண்டுக்கு மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால், கடுமையான மூச்சுத்திணறல் வரும் ஆபத்து கூடுகிறது.

புகைபிடித்தோ விறகடுப்புப் புகையிலோ பழுதான நுரையீரலின் கதை வேறு. சிஓபிடி எனப்படும் அந்த நோயில், நெடுநேரம் வேலை செய்யும் குழாய் விரிப்பு மருந்துகளே அன்றாட சிகிச்சையின் அடித்தளம். ஒருவருடைய பம்ப்பை இன்னொருவர் வாங்கி இழுப்பது ஆகாது.

பம்ப்பை இழுக்கும் முறையும் முக்கியம். முதலில் அதைக் குலுக்குங்கள். மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, 10 விநாடி அடக்குங்கள். அவசரமாக இழுத்தால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். பம்ப்பின் வாயில் ஸ்பேசர் என்ற குழாயைப் பொருத்தினால் அது குறையும். ஸ்டீராய்டு பம்ப் எடுத்தபின் வாயைக் கொப்பளியுங்கள். அழுத்தியும் திணறல் தணியவில்லை, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

புது டப்பாவைப் பிரிக்கும் நாளில் அதன் மேலேயே தேதியை எழுதிவையுங்கள். “இப்போது எப்படி இருக்கிறீர்கள்?” என்று மருத்துவர் கேட்கும்போது, அந்தத் தேதியைக் காட்டுங்கள்.