வியர்வை முடியைத் தின்னுமா?

மாணவர்களே, வெயிலில் விளையாடிவிட்டுத் தலை நனைய வீடு திரும்பும்போது, "வேர்வை தலையில் தங்கினால் முடியெல்லாம் கொட்டிப்போகும்" என்று பெரியவர்கள் எச்சரிப்பதைக் கேட்டிருப்பீர்கள். இதில் எவ்வளவு உண்மை? ஆராய்ந்து பார்ப்போம்.

கோவில்பட்டி, ஒட்டப்பிடாரம், புதியம்புத்தூர் எனப் பரந்து கிடக்கும் கரிசல் பூமியை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் இந்தக் கறுப்பு மண் வெயிலை வாங்கிச் சூடேறும். ஈரம் வற்றிப் பாளம் பாளமாக வெடிக்கும். காட்டு வேலை செய்வோரும் சரி, ஆயத்த ஆடைகளுக்குப் பெயர் பெற்ற புதியம்புத்தூரில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்போரும் சரி, வியர்வையில் நனையாத நாளில்லை. வியர்வை முடியைத் தின்னுமானால் இவர்கள் எல்லாருக்கும் தலை வழுக்கையாகியிருக்க வேண்டும். அப்படி இல்லை என்பது கண்கூடு.

வியர்வை என்பது என்ன? அதில் 100க்கு 99 பங்கு தண்ணீர். மீதி சிறிது உப்பும் யூரியா போன்ற பொருள்களும். நம் உடலில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உண்டு. 1 கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துச் செல்கிறது. நம்மைக் குளிர்விப்பது இதுதான். வியர்வை நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

வியர்வைச் சுரப்பியின் குழாய் தோலின் மேற்பரப்பில் தனித் துளையாகத் திறக்கிறது. முடியின் வேரோ தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில், தனக்கென ஒரு பையில் பத்திரமாக இருக்கிறது. மேலே வழியும் உப்புநீர் அந்த வேரை அரித்து முடியை விழச் செய்வதில்லை.

அப்படியானால் பெரியவர்கள் சொல்வது வெறும் பேச்சா? அதுவும் இல்லை. முடிப்பையோடு ஒட்டி எண்ணெய்ச் சுரப்பி ஒன்று இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் அது அடங்கியிருக்கும். உங்கள் வயதில்தான் சுறுசுறுப்படையும். அந்த எண்ணெயை உண்டு வாழும் மலசீசியா என்னும் நுண்ணிய பூஞ்சை எல்லார் தலையிலும் உண்டு. வியர்வை ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் அது பெருகும். எண்ணெயைச் சிதைத்து அது வெளிவிடும் அமிலங்கள் சிலருடைய தோலை உறுத்தும். தோல் செதில் செதிலாக உதிரும், அதுவே பொடுகு. அரிப்பெடுத்து நகத்தால் சொறிந்தால் புண்ணாகும். கிருமி புகுந்து கொப்புளமும் தோன்றும். முடிக்குக் கெடுதல் இந்த வழியில் வரக்கூடும். குற்றவாளி வியர்வை அன்று. கழுவாமல் விட்ட அழுக்கே.

முடி உதிர்வதற்கும் ஒரு கணக்கு உண்டு. தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்ந்து, சுமார் 3 மாதம் ஓய்ந்திருந்து, பிறகு விழும். அதே பையில் புது முடி முளைக்கும். ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பே.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். சீப்பில் சிக்கிய முடியை வெள்ளைத்தாளில் வைத்துக் கைக்கண்ணாடி வில்லையால் பாருங்கள். ஒரு முனையில் சிறு வெள்ளைக் குமிழ் இருந்தால் அது தானே உதிர்ந்த முடி. இரு முனையிலும் குமிழ் இல்லையேல் அது நடுவில் ஒடிந்தது. ஈர முடிக்கு வலிமை குறைவு. ஈரத்தலையை அழுத்திச் சீவினால் இப்படித்தான் ஒடியும்.

கடுங்காய்ச்சல் வந்து 2, 3 மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிர்வதுண்டு. பெரும்பாலும் அது தானே மீண்டும் வளர்ந்துவிடும். இரும்புச்சத்துக் குறைவும் ஒரு காரணமாகலாம். ஆண்களின் வழுக்கைக்கு மரபும் ஆண் இயக்குநீரும் காரணம் என்பதை 1942இல் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் ஹாமில்டன் எடுத்துக்காட்டினார்.

முடி நமக்குத் துணையும்கூட. 2023இல் வெளியான ஓர் ஆய்வில், வெப்பமூட்டிய பொம்மையின் தலையில் பலவகை முடியைப் பொருத்திச் சோதித்தார்கள். முடி இருந்தால் தலைக்கு ஏறும் வெயிலின் சூடு குறைகிறது. சுருட்டை முடி மிக அதிகமாகக் காக்கிறது.

ஆகவே, வியர்வைக்கு அஞ்சி விளையாட்டை விடாதீர்கள். தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். வியர்த்தபின் தலையைத் துவட்டிக் காற்றாட விடுங்கள். ஈரத்தோடு இறுக்கிப் பின்னாதீர்கள். பிறர் சீப்பையும் தொப்பியையும் வாங்கிப் போடாதீர்கள். கரிசல் ஊர்களில் பல கிணறுகளின் நீர் உவர்ப்பாக இருக்கும். கடினநீரில் சோப்பு நுரைக்காது. அழுக்கோடு அதுவும் தலையில் படியும். சீயக்காயோ ஷாம்புவோ தேய்த்து நன்றாக அலசுவதே நல்லது. வட்ட வட்டமாக முடி கொட்டினாலோ, தலையில் சீழ்ப் புண் வந்தாலோ, விளம்பரத் தைலத்தைத் தேடி ஓடாமல் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உழைக்கும் உடம்பைக் குளிர்விக்கும் வியர்வை நமக்குப் பகையன்று.