உப்பு மண்ணில் ஒரு சர்க்கரை சமாசாரம்!

திண்டிவனம் - மரக்காணம் சாலையில் பிரம்மதேசத்தைத் தாண்டினால், கொஞ்ச தூரத்தில் உப்புக் காற்று முகத்தில் அடிக்க ஆரம்பித்துவிடும். இந்தப் பக்கமெல்லாம் உப்பளத்திலும் வயலிலும் வெயிலில் வேகிற ஜனங்கள். ''உழைக்கிற உடம்புக்கு ஏதுங்க சர்க்கரை? அதெல்லாம் பட்டணத்துக்காரங்க வியாதி!'' என்பார்கள். தப்பு! கர்ப்ப காலத்தில் வருகிற சர்க்கரை, உப்பு வாருகிற பெண்ணையும் விடாது.

ஏன் வருகிறது? நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள், தாயின் இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. தாயின் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரை அப்படியே குழந்தைக்கும் போகிறது. குழந்தை தன் பங்குக்கு இன்சுலினைச் சுரந்து கொழுகொழுவென்று வளர்கிறது. ''புள்ள நாலு கிலோ!'' என்று மாமியார் பூரிக்கலாம். ஆனால், பிரசவத்தில் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பிறந்த கையோடு குழந்தைக்கு சர்க்கரை 'தடால்' என்று இறங்கவும் செய்யும்.

இதைக் கண்டுபிடிக்க நம்ம ஊர் டாக்டர் ஒருவர் சொன்ன சுலப வழிதான் இன்று நாடு முழுக்க நடைமுறை. அவர், 1978-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுக்கென்றே தனித் துறை தொடங்கிய டாக்டர் வீ.சேஷய்யா. 2022-ல் பத்மஸ்ரீ பெற்றவர். 'நாளைக்கு வெறும் வயிற்றோடு வா' என்றால், கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தவள் மறுபடி வருவாளா? அதனால், சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை... 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் குடி. இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடு. 140-ஐத் தொட்டால் கர்ப்ப கால சர்க்கரை. அவ்வளவுதான்!

முதல் தடவை செக்கப்புக்குப் போகும்போதே இந்த டெஸ்ட் உண்டு. அதில் 'ஒன்றுமில்லை' என்று வந்தாலும், 24-லிருந்து 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை அவசியம்.

இருந்தால் பயம் வேண்டாம், பட்டினியும் வேண்டாம். 'ரெண்டு உசுருக்குச் சாப்பிடு' என்று சோற்றை மலையாகக் குவிக்கவும் வேண்டாம். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் சுண்டல் மாதிரி சிறு தீனி. சோறு அளவோடு, காய், கீரை, மீன், பருப்பு கூடுதலாக. கேழ்வரகுதானே என்று சொம்பு சொம்பாகக் கூழ் குடித்தாலும் சர்க்கரை ஏறும், ஜாக்கிரதை! டாக்டர் தடுக்காவிட்டால் தினம் அரை மணி நடை.

இரண்டு வாரம் பார்த்தும், சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை 120-க்குக் கீழே இறங்கவில்லையா? மாத்திரையோ இன்சுலினோ கொடுப்பார்கள். ''ஊசி போட்டா புள்ளைக்கு ஆகாதுடி'' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை. இன்சுலின் போடுகிறவர்கள் உப்பளத்துக்கே போனாலும் மடியில் கொஞ்சம் சர்க்கரை முடிந்துவைத்திருக்க வேண்டும். படபடப்பு, வியர்வை, கைநடுக்கம் வந்தால் உடனே வாயில் போட!

ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண்களா? கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். குழந்தையின் இதயம், முதுகுத்தண்டு எல்லாம் முதல் எட்டு வாரத்திலேயே உருவாகிவிடுகின்றன. 'நாள் தள்ளிப்போச்சு' என்று தெரிவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும். அதனால் சர்க்கரையை முன்கூட்டியே கட்டுக்குள் கொண்டுவந்து, ஃபோலிக் அமில மாத்திரை தொடங்கி, கண், கிட்னியைப் பரிசோதித்து, சாப்பிடுகிற மற்ற மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

குழந்தை பிறந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். பெரும்பாலும் தாயின் சர்க்கரை தானாக இறங்கிவிடும். அங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்! ஆறு வாரம் கழித்து மறுபடி டெஸ்ட் செய்தே ஆக வேண்டும். பிற்காலத்தில் இவர்களுக்கு நிரந்தரமாக நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அப்புறமும் வருஷம் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

குழந்தைக்கு ஆறாவது வாரம் தடுப்பூசி போடக் கூட்டிப் போவீர்கள் இல்லையா... அப்படியே அம்மாவும் கையை நீட்டிவிட்டு வரட்டும்!