எங்கள் ஊர்க் கோட்டையை நாம் பார்த்ததுண்டா?

கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் எத்தனையோ பேர் திருகோணமலையைப் பார்க்கவென்றே வருகிறார்கள். ஆனால் இங்கேயே வாழும் எமது பெண்களில் எத்தனை பேர் பிரடெரிக் கோட்டை வாசலை நிமிர்ந்து பார்த்திருக்கிறோம்? லிங்கநகரில் நான் பணிபுரியும் பெண்கள் குழுவில் இதைக் கேட்டேன். "கோணேசர் கோயிலுக்குப் போயிருக்கிறம் பிள்ளை. ஆனா குனிஞ்ச தலையோட போய், குனிஞ்ச தலையோட வந்திட்டம்" என்றார் ஓர் அக்கா.

இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. ஒன்று போர். கோட்டைக்குள் இராணுவ முகாம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி சோதனைக்கு நின்ற நாட்களில் சுவரின் அழகை யார் பார்ப்பார்? மற்றது எமது சமூகம். கணவனை இழந்த பெண் கச்சேரிக்குப் போகலாம், கூலிக்குப் போகலாம். ஊர் பார்க்கப் போனால் மட்டும் "சுற்றித் திரிகிறாள்" என்ற பேச்சு வந்துவிடும். பார்ப்பதும் அறிவதும் ஒரு பெண்ணின் உரிமை என்பதை நாம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

குழுவில் பேசி முடிவெடுத்து, ஒரு ஞாயிறு காலை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டோம். கட்டுச்சோறும் தண்ணீர்ப் போத்தல்களும் எம்மிடம் இருந்தன. டச்சுக்குடாப் பக்கமாக நடந்தால் கோட்டை வாசல். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களையும் சேர்த்துக் கோட்டை கட்டினார்கள். 1639 இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். 1782 இல் சஃப்ரென் என்ற தளபதியின் கீழ் பிரெஞ்சுப் படை கைப்பற்றியது; பின்னர் அது ஒல்லாந்தரிடம் திரும்பியது. 1795 இல் ஆங்கிலேயர் வந்தனர். யோர்க் கோமகன் பிரடெரிக்கின் பெயரை அவர்கள் 1803 இல் சூட்டினார்கள். இத்தனை பேரும் ஆசைப்பட்டது எமது இயற்கைத் துறைமுகத்துக்காகத்தான்.

வாசற் கல்லில் பாண்டியரின் இணைக்கயல் சின்னமும் பழைய தமிழ் எழுத்துக்களும் உள்ளன. ஒரு சிறுமி எழுத்துக்கூட்டி வாசிக்க முயன்றாள். உள்ளே ஆலமரங்களின் கீழ்ப் புள்ளிமான்கள் பயமின்றி நின்றன. கையில் வாழைப்பழத்தைக் கண்டதும் அவை ஓடி வந்தன.

மேலே சுவாமி மலையில் ஆலயம். இடித்தவர்களால் எல்லாவற்றையும் அழிக்க முடியவில்லை. 1950 இல் நகரில் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள் இருந்து தெய்வப் படிமங்கள் வெளிவந்தன. 1956 இல் மைக் வில்சன், ஆதர் சி. கிளார்க் ஆகியோர் மலையடிக் கடலுக்குள் பழைய ஆலயத்தின் சிதைவுகளைக் கண்டார்கள். 1963 இல் மீண்டும் குடமுழுக்கு நடந்தது.

அந்த மலையில் பழைய தூண் ஒன்று உண்டு. பிரான்சினா என்ற ஒல்லாந்தப் பெண், காதலன் கைவிட்டுக் கப்பலேறியதைக் கண்டு 1687 இல் இங்கிருந்து கடலில் குதித்தாள் என்பது கதை. ஆனால் அவள் பின்னர் திருமணம் செய்து வாழ்ந்தாள் என்று ஒல்லாந்தர் ஆவணங்களைப் பார்த்தவர்கள் கூறுகிறார்கள். இதைச் சொன்னதும் எங்கள் குழுவில் பெரிய சிரிப்பு. "ஆம்பிளையள் போனால் நாங்கள் செத்துப்போவம் எண்டுதான் கதை கட்டுவினம். நாங்கள் உயிரோட இருக்கிறதை ஆர் எழுதினம்?" என்றார் ஓரம்மா. சம்பூரிலிருந்து 2006 இல் இடம்பெயர்ந்து, தனித்து நின்று மூன்று பிள்ளைகளை வளர்த்தவர் அவர்.

பிற்பகல் பஸ்ஸில் கன்னியா சென்றோம். அங்கே ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. நிலத்தின் ஆழத்தில் சூடேறிய நீர் வெடிப்புகளின் வழியே மேலே வருகிறது. கிணற்றுக்குக் கிணறு சூடு வேறுபடும். இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்பது எமது மக்களின் நம்பிக்கை. அதனால் அந்தியேட்டிக் கடன் செய்யவும் இங்கு வருவார்கள். எங்களுடன் வந்த ஒரு சகோதரி நீரை அள்ளாமல் நெடுநேரம் நின்றார். அவரது கணவர் காணாமற்போனவர். "இங்க குளிச்சால் அவர் இல்லையெண்டு ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிடுமோ அக்கா?" என்று கேட்டார். யாரும் அறிவுரை கூறவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், "களைப்புத் தீரக் குளி. கிரியைக்கெண்டு ஒருநாள் வந்தால் அது வேற" என்றார். அவர் குளித்தார். அன்று நாங்கள் செய்த மிகப் பெரிய வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

குழுவில் ஒருவரின் தங்கை பிரான்சில் வசிக்கிறார். லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கின் கோட்டைகளையும் திராட்சைத் தோட்டங்களையும் படமெடுத்து அனுப்பியிருந்தார். பஸ்ஸில் அதைக் காட்டினார்கள். அங்கே ஷெனோன்சோ என்றொரு மாளிகை ஆற்றின் குறுக்கே நிற்கிறது. பெண்கள் பலர் கட்டியும் காத்தும் வந்ததால் அது பெண்களின் மாளிகை என்றே அறியப்படுகிறது. முதல் உலகப் போரில் அதன் நீண்ட மண்டபம் காயப்பட்டோரின் மருத்துவமனையாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் அந்த ஆறே எல்லைக்கோடு. மண்டபத்தின் ஒரு கதவு ஜேர்மனியர் பிடித்த பகுதியிலும் மறு கதவு அவர்கள் பிடிக்காத பகுதியிலும் இருந்ததால், அதன் வழியாகப் பலர் தப்பினார்கள். இன்று அங்கே வருவோருக்கு இந்தக் கதையும் சொல்லப்படுகிறது. கோட்டையின் வரலாறு அரசர்களோடு முடிவதில்லை. துன்பப்பட்ட மக்களின் கதையும் அதற்குள் அடங்கும்.

எமது ஊரின் கதையையும் நாம் சொல்லலாம். கோயில் வீதியில் கடை வைத்திருக்கும் பெண்கள் இவ்விபரங்களை அறிந்தால், வருவோருக்குப் பொருளோடு வரலாற்றையும் கொடுக்கலாம். அது வருமானத்துக்கும் உதவும். ஐந்தாறு பேராகச் சேருங்கள். தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று பாராமல் அயலவரையும் அழையுங்கள். அடையாள அட்டை, தண்ணீர், பிள்ளைகளுக்கு மாற்றுடுப்பு எடுத்துச் செல்லுங்கள். ஒரு பகற்பொழுது போதும்.

இந்த மண்ணில் நாம் இழந்தவை அதிகம். எஞ்சியிருப்பதை எம் கண்ணால் பார்த்து, எம் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. புறப்படுவோம் சகோதரிகளே!