மங்கிய மூலைகள்

பள்ளியில் ஆண்டிறுதியில் எடுக்கும் குழுப்படத்தில் எல்லாருக்கும் இடம் உண்டு. ஆனால், எல்லாருக்கும் ஒரே அளவான ஒளி கிடைப்பதில்லை. நடுவில் அமர்ந்த ஆசிரியர் முகம் தெளிவாக விளங்க, வரிசையின் கோடியில் நின்ற மாணவன் முகம் இருளில் அமிழ்ந்து கிடப்பது உண்டு. கையடக்க ஜூம் காமிராவில் எடுத்த 'ரா' படங்களில் இக்குறை மிகுதியாகப் புலப்படும். உடனே, காமிரா பழுதாயிற்று என முடிவு செய்வோர் பலர். காரணம் அறியாமல் குறை கூறுதல் முறையன்று.

காமிராவினுள் உள்ள ஒளியுணரி பெற்ற ஒளியளவுகளை ஏறக்குறைய அப்படியே சேமித்து வைப்பது 'ரா' கோப்பு. அவற்றைக் காமிராவே திருத்திச் செப்பனிட்டுத் தருவது 'ஜேபெக்' படம். முன்னது அரிசி, பின்னது சோறு. சட்டைப்பையில் அடங்கும் காமிராவில் பெரிய வில்லைகளைப் பொருத்த இயலாது. ஆதலின், அதனை அமைப்போர் பலர் வில்லையின் வளைவுக் குறையையும் ஓர இருளையும் ஓரளவு விட்டுவைத்து, பின்னர்க் கணக்கீட்டால் நேர்செய்கின்றனர். அத்திருத்தம் ஜேபெக் படத்தில் முடிந்திருக்கும். ரா கோப்பில் முடிந்திராது.

ஓரங்கள் மங்குவதற்கு ஒளியின் இயல்பும் காரணமாகும். எளிய வில்லையொன்றில் நேரே வரும் ஒளி நூறு பங்காயின், 30 பாகை சாய்ந்து வருவது ஏறத்தாழ 56 பங்காகவும், 40 பாகை சாய்ந்து வருவது ஏறத்தாழ 34 பங்காகவும் குறையும். சாய்கோணத்தின் கொசைன் மதிப்பினது நான்காம் அடுக்கே இக்கணக்கைத் தருகின்றது. வில்லைக் குழாயின் விளிம்பும் சாய்ந்த கதிர்களுள் சிலவற்றை மறைத்துவிடும்.

இத்தொல்லை புதியதன்று. 1900-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கெர்ட்ஸ் நிறுவனத்தார் ஆக்கிய 'ஹைபர்கான்' வில்லை, ஏறத்தாழ 135 பாகை அகன்ற காட்சியைப் படமாக்கியது. அதன் ஓரங்கள் மிகவும் இருண்டன. ஆகவே, வில்லையின் முன் விண்மீன் வடிவத் தகடு ஒன்றைக் காற்றின் விசையால் சுழலச் செய்தனர். அது நடுவில் விழும் ஒளியைச் சிறிது தடுத்து, ஓரத்தோடு சமன் செய்தது.

இனி, குறையின் காரணத்தைக் கண்டறியும் வழி யாது? ஒரே சீராக ஒளி படும் வெள்ளைச் சுவரை ரா, ஜேபெக் ஆகிய இரு முறையிலும் படமெடுத்தல் வேண்டும். ஜேபெக் தெளிவாயிருந்து, ரா மட்டும் இருண்டிருப்பின் காமிராவில் பழுதில்லை. திருத்தம் எஞ்சியுள்ளது என்பதே பொருள். ஒளித்துளையைச் சுருக்கியதும் இருள் குறையுமாயின், குழாய் விளிம்பின் மறைப்பே காரணம். ஒரு மூலை மட்டும் கருத்திருந்தால், வில்லையை மூடும் தகடு முழுதும் திறக்கவில்லையோ, வடிகண்ணாடியின் விளிம்பு குறுக்கிடுகின்றதோ எனப் பார்க்க வேண்டும். இவை காரணமல்ல எனின், வில்லை இடம் பிறழ்ந்திருக்கலாம். அதனைப் பழுது நீக்குவோரிடம் காட்டுதலே நன்று.

ரா கோப்புகளைப் பதப்படுத்தும் கணினி நிரல்களில் வில்லைத் திருத்தம் என்னும் வசதி உண்டு. 'டிஎன்ஜி' என்னும் கோப்பு முறையில், 2009 முதல், திருத்தக் குறிப்புகளைக் கோப்பினுள்ளேயே எழுதிவைக்க இயலுகின்றது. அவ்வசதி இல்லையெனின், அதே ஜூம் நிலையிலும் அதே ஒளித்துளையிலும் எடுத்த வெள்ளைச் சுவர்ப் படத்தை அளவுகோலாகக் கொண்டு, ஒவ்வோரிடத்தும் குறைந்த ஒளியைக் கணக்கிட்டுக் கூட்டலாம்.

ஆயினும், இதற்கும் எல்லை உண்டு. மங்கிய மூலையை நான்கு மடங்கு ஒளியேற்றினால், அங்குள்ள புள்ளிக் கறைகளும் நான்கு மடங்காகும். வில்லையின் ஒளி சற்றும் எட்டாத மூலையிலோ பெருக்குவதற்கு ஒன்றுமில்லை. சுழியை எத்தனையால் பெருக்கினாலும் சுழியே. அப்பகுதியை வெட்டி நீக்குவதன்றி வேறு வழியில்லை.

மங்கிய முகத்தை மீட்கலாம். பதியாத முகத்தை எக்கணக்காலும் மீட்க முடியாது. ஆதலால், படம் எடுப்பவர் ஜூமை மிக அகன்ற நிலையினின்று சிறிது கூட்டி, நாலடி பின்வாங்கி, இருபுறமும் இடம் விட்டு எடுத்தல் வேண்டும். நடுவில் இருப்பவரை எவரும் எளிதில் காண்பர். கோடியில் நிற்பவரை முதலில் நோக்குபவரே நல்ல படம் எடுப்பவர் ஆவார்.