மேஜை சுவரை விட்டு விலகினால்...

மேஜைக்கு வெகு காலமாக நம் வீடுகளில் ஒரே இடம்தான் இருந்து வந்தது. அது சுவர் ஓரம். மேஜை விளக்கு வந்தது, மிக்ஸி வந்தது, கம்ப்யூட்டரும் வந்தது. எந்தச் சங்கடமும் நேரவில்லை. சுவரில் பிளக் இருந்தது; சுவரை ஒட்டி மேஜை இருந்தது.

இப்போது மேஜைக்குச் சுவர் பிடிக்கவில்லை! அறையின் நடுவுக்கு வந்துவிட்டது. புதிய அடுக்கு மாடி வீடுகளில் சமையலறையின் மத்தியில் தீவு போல ஒரு மேடை கட்டுகிறார்கள். அலுவலகத்தில் பத்துப் பேர் சுற்றி அமரும் ஆலோசனை மேஜை. வீட்டிலிருந்தே உத்தியோகம் பார்ப்பவருக்குக் கூடத்தின் நடுவில் ஒரு மேஜை. பார்வைக்கு எல்லாம் அழகுதான். ஆனால், எந்தப் பக்கமும் சுவர் இல்லாத இந்த மேஜைக்கு மின்சாரம் எந்த வழியாக வரும்? இணையத் தொடர்பு எந்த வழியாக வரும்? வீடு கட்டும்போது பலர் கேட்க மறந்துவிடும் கேள்வி இது. டைல்ஸ் பதித்து, கிரகப் பிரவேசமும் நடந்து முடிந்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது!

ஜமக்காளத்துக்கு அடியில்

அப்போது என்ன செய்கிறார்கள்? கடையிலிருந்து ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி வருகிறார்கள். சுவரிலிருந்து மேஜை வரையில் ஒயர் தரையில் பாம்பு போலக் கிடக்கிறது. பாட்டியின் காலில் தட்டுகிறது. உடனே அதன் மேல் ஒரு ஜமக்காளத்தை விரித்துவிடுகிறார்கள். ஒயர் மறைந்துவிட்டது, ஆபத்து மறைந்துவிட்டதா? இல்லை, அதிகமாகிவிட்டது!

கம்பியில் மின்சாரம் ஓடினால் சூடு உண்டாகும். ஓட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். ஜேம்ஸ் ஜூல் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1841-ல் வெளியிட்ட உண்மை இது. காற்றுப் படும்படி கிடக்கும் ஒயரில் இந்தச் சூடு வெளியேறிவிடும். ஜமக்காளத்தின் அடியில் அதற்கு வழி இல்லை. மேலே நடக்கிறவர்களின் காலடியில் ஒயரின் உறையும் நாளடைவில் நைந்து போகிறது. அது யார் கண்ணிலும் படுவதில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 6 ஆம்பியர் பிளக் தாங்கக் கூடியது 1,380 வாட். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினால், உருகுவது பிளக்கோடு நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நடுமேடையில் அடுப்பு எரிய வேண்டுமானால், மெயின் போர்டிலிருந்து அதற்கென்று தனி எம்.சி.பி.யும், 16 ஆம்பியர் பாயிண்டும், தக்க கனமுள்ள செப்புக் கம்பியும், எர்த் ஒயரும் அவசியம்.

அமெரிக்கா கற்ற பாடம்

சமையலறைத் தீவுகள் மலிந்த நாடு அமெரிக்கா. அங்கே 1897 முதல் நடைமுறையில் இருந்து வருவது தேசிய மின்சார விதித்தொகுப்பு. சமையலறை நடுமேடையில் பிளக் பாயிண்ட் கட்டாயம் வேண்டும் என்று பல ஆண்டுகளாக அது சொல்லி வந்தது. மேடையின் மேலே இடம் இல்லாவிட்டால், பக்கவாட்டில், பலகைக்குக் கீழே பொருத்துவது வழக்கமாயிற்று.

விளைவு என்ன? மேலே கொதிக்கும் பாத்திரம். கீழே தொங்கும் ஒயர். தவழ்ந்து வரும் குழந்தை எட்டிப் பிடிப்பது எதை? அந்த ஒயரைத்தான்! ஒயரோடு பாத்திரமும் குழந்தையின் மேல் கவிழ்ந்தது. இத்தகைய தீக்காயங்கள் தொடர்ந்து நேர்ந்ததால் 2023-ஆம் ஆண்டுப் பதிப்பில் விதியையே மாற்றிவிட்டார்கள். நடுமேடையில் பிளக் வைப்பது இனி அவரவர் விருப்பம். வைத்தால், மேடையின் மேல்தான் வைக்க வேண்டும். வைக்காவிட்டாலும், பின்னால் தேவைப்படும்போது கம்பி கொண்டுவர இப்போதே வழி விட்டுவைக்க வேண்டும்.

நம் வீட்டுத் தாய்மார்களும் இந்தப் பாடத்தை மனத்தில் கொள்வது நல்லது. பிளக் எங்கே இருக்கிறது என்பது சின்ன விஷயம் அல்ல.

தரையா, கூரையா?

நடுமேஜைக்கு இரண்டே வழிகள்தாம் உண்டு. ஒன்று தரை, மற்றொன்று கூரை.

தரை வழி என்றால், டைல்ஸ் பதிப்பதற்கு முன்பே பைப் புதைத்தாக வேண்டும். ஒன்று அல்ல, இரண்டு. ஒன்று மின்சாரத்துக்கு, மற்றொன்று லேன் கேபிளுக்கு. திருப்பங்களில் வளைவு தாராளமாக இருக்கட்டும். குறுகலாக இருந்தால் கம்பியை இழுக்க முடியாது. சிமென்ட் வேலை நடக்கும்போது பைப்பின் வாயைத் துணியால் அடைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சிமென்ட் பால் உள்ளே புகுந்து இறுகிவிடும். கம்பியை இழுத்த பின்பும் ஒரு கயிற்றை உள்ளேயே விட்டுவைப்பது புத்திசாலித்தனம். நாளைக்கு இன்னொரு கேபிள் தேவைப்பட்டால் அந்தக் கயிறே கைகொடுக்கும். தரையைத் துடைக்கும் தண்ணீர் ஏறாதபடி, பைப்பை மேடையின் அலமாரிக்குள் சற்று உயர்த்தி முடிக்க வேண்டும்.

மேஜைகளை அடிக்கடி இடம் மாற்றுகிற இடத்தில் கூரை வழியே சிறந்தது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் மிஷின் வரிசைகளுக்குத் தலைக்கு மேல் ஓடும் பாதையிலிருந்து மின்சாரம் இறங்கி வருவதைக் காணலாம். தரையில் ஒயர் இல்லை. காலில் தட்டுவதற்கும் எதுவும் இல்லை.

தனித் தனிப் பாதை

"இரண்டையும் ஒரே பைப்பில் போட்டால் என்ன, செலவு மிச்சம் தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது! உறை கிழிந்தால் 230 வோல்ட் மின்சாரம் லேன் கேபிளில் பாய்ந்து கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். அதைத் தொடும் கைக்கும் வந்துவிடும்.

வேறொரு காரணமும் உண்டு. மாறும் மின்னோட்டம் பக்கத்துக் கம்பியிலும் மின்சாரத்தைத் தூண்டும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்தார். செய்தி செல்லும் கம்பிக்கு இது இடைஞ்சல். இரண்டு கம்பிகளை முறுக்கிவிட்டால் இடைஞ்சல் குறையும் என்று கண்டு 1881-ல் காப்புரிமை பெற்றவர், டெலிபோனைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல். இன்றைய லேன் கேபிளை அறுத்துப் பார்த்தால் உள்ளே நான்கு ஜோடிக் கம்பிகள் முறுக்கிக்கொண்டு கிடக்கும். அப்படி இருந்தும், மின்சாரக் கம்பியிலிருந்து விலகிச் செல்வதே அதற்கு நல்லது. குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்க வேண்டும். மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

கம்பியில்லாத வைஃபை இருக்க இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். செய்தி காற்றில் வரும், மின்சாரம் வராதே!

காவலாளி

எல்லாவற்றுக்கும் மேலாக, மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கட்டும். ஒருவர் உடல் வழியாக மின்சாரம் பூமிக்குக் கசிந்தால், ஒரு விநாடியில் பத்தில் மூன்று பங்குக்குள் அது இணைப்பைத் துண்டித்துவிடும். ஆனால், இரண்டு கம்பிகளையும் ஒருசேரத் தொடுகிறவரை அதனால் காப்பாற்ற இயலாது. காவலாளி இருக்கிறான் என்பதற்காகக் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கலாமா?

சரி, டைல்ஸ் பதித்தாகிவிட்டது; இனி என்ன செய்வது? உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கூரை வழியைக் கேட்கலாம். மாடி வீட்டில் தரையை வெட்டுவதானால் எஞ்சினீயரைக் கேட்காமல் உளியை எடுக்கக் கூடாது. இரண்டுக்கும் வசதி இல்லையா? செலவில்லாத யோசனை ஒன்று உண்டு. மேஜையின் ஒரு முனையை நகர்த்திச் சுவரோடு சேர்த்துவிடுங்கள். தீவு தீபகற்பம் ஆகிவிடும். அழகு கொஞ்சம் குறையலாம். ஆனால் பாட்டியின் காலும் பேரனின் கையும் பத்திரமாக இருக்கும்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்குச் சொல்லக் கூடியது ஒன்றுதான்: மேஜை வருவதற்கு முன்னால் பைப் வரட்டும்!