புகையில் மிளகு உண்டா?

உயர் ரகச் சுருட்டுகளைப் பிடித்துப் பார்த்து மதிப்பெண் போடுவதற்கென்றே உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1992-இல் தொடங்கிய 'சிகார் அஃபிசியனாடோ' இதழில், சுருட்டின் மேல் சுற்றியிருக்கும் கம்பெனிப் பட்டையை உருவிவிடுவார்கள். எண் மட்டும் ஒட்டி, யாருடைய தயாரிப்பு என்று தெரியாமலேயே பிடித்துப் பார்த்து நூற்றுக்கு இத்தனை என்று போடுவார்கள். அப்படி எழுதப்படும் மதிப்புரைகளில் காபி, கோகோ, தேவதாரு மரம், பதனிட்ட தோல் என்று வாசனைகளின் பட்டியல் ஒன்று வரும். சுருட்டு கொஞ்சம் அழுத்தமான ரகம் என்றால் மிளகும் அதில் இருக்கும். முதல் இழுப்பில் மிளகு, நடுவில் கொஞ்சம் அடக்கம், கடைசி அங்குலத்தில் மறுபடியும் மிளகு.

புகையிலையில் மிளகு எங்கிருந்து வந்தது? இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டுமானால் மிளகின் பக்கமிருந்து ஆரம்பிப்பதுதான் சரி. மிளகு என்றால் மட்டாஞ்சேரி.

கொச்சியின் மட்டாஞ்சேரியில், 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயம் இருக்கும் யூதத் தெருவில்தான், 1957-இல் தொடங்கிய இந்திய மிளகு வணிகச் சங்கத்தின் சந்தை இயங்கியது. நேருக்கு நேர் நின்று விலையைக் கூவியே முன்பேர வியாபாரம் செய்த இடம். கணினி வந்து அந்தக் கூச்சலை அடக்கிவிட்டது. தெருவில் இன்று பழம்பொருள் கடைகளும் சுற்றுலாப் பயணிகளும்தான் அதிகம். ஆனால் மிளகு விலை என்றால் நாளிதழ்கள் இன்னமும் கொச்சி விலையைத்தான் போடுகின்றன; கார்பிள்டு இவ்வளவு, அன்கார்பிள்டு இவ்வளவு என்று. சலித்துத் தூசி, காம்பு, பொக்கு எல்லாம் நீக்கியது முதல் வகை. தோட்டத்திலிருந்து வந்தபடியே இருப்பது இரண்டாவது.

இந்தச் சந்தை மிளகை எப்படி எடை போட்டது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாக்குக்கு அங்கே பெரிய வேலை கிடையாது. வியாபாரி ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்ப்பார், ஊதுவார், ஒன்றிரண்டைக் கடித்துப் பார்ப்பார். ஆனால் விலையைத் தீர்மானிப்பது லிட்டர் வெயிட். ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் மிளகை நிரப்பி, மேலே வழித்துவிட்டு, நிறுத்துப் பார்ப்பது. 550 கிராம் நின்றால் நல்ல சரக்கு. எண்ணிக்கை இறங்க இறங்க விலையும் இறங்கும். இதோடு ஈரப்பதம், மணியின் பருமன். ஏற்றுமதியில் பெயர்பெற்ற 'தலச்சேரி' மிளகு என்பதே பெரும்பாலும் பருமனை வைத்துத்தான். அதன் மிக உயர்ந்த தரம் 4.75 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் தங்க வேண்டும்.

முற்றிய மணியில் மாவுச்சத்து நிறைந்திருக்கும், அதனால் கனக்கும். பிஞ்சு உள்ளே காலியாக இருக்கும். ஆக, லிட்டர் வெயிட் முற்றலைக் காட்டுகிறது. ஆனால் காரத்தையும் மணத்தையும் காட்டுகிறதா என்றால், இல்லை. மிளகின் காரப் பொருளும் வாசனை எண்ணெயும் மணிக்குள் மாவு ஏறுவதற்கு முன்பே சேர்ந்துவிடுகின்றன. பிறகு மாவு ஏற ஏற அவற்றின் விகிதம் குறைகிறது. சந்தை கழித்துக் கட்டும் லேசான மிளகு, கிராமுக்குக் கிராம் பார்த்தால் அதிகக் காரமானது என்பதுதான் உண்மை. இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் கொச்சிக்குக் கொஞ்சம் கிழக்கே கோலஞ்சேரிப் பக்கம் இருக்கிறார்கள். 1972-இல் அங்கே தொடங்கிய சிந்தைட் போன்ற நிறுவனங்கள் மிளகிலிருந்து ஓலியோரெசின் என்னும் சாற்றைப் பிரித்தெடுக்கின்றன. அந்தத் தொழிலுக்கு வேண்டியதே பிஞ்சு மிளகுதான்.

அவர்கள் சரக்கை விற்பது இரண்டு எண்களை வைத்து. பைப்பரின் என்னும் காரப் பொருள் 40 சதவீதம், வாசனை எண்ணெய் 20 சதவீதம் என்பது வழக்கமான கணக்கு. மிளகின் சுவை ஒன்றல்ல, இரண்டு என்பதை இந்தக் கணக்கு ஒப்புக்கொள்கிறது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு மிளகைக் கடியுங்கள். சில நொடிகளில் நாக்கின் நுனியிலும் ஓரத்திலும் குத்தல் எழும்பும், பிறகு தொண்டைக்குப் பரவும். அது மிளகா, சுக்கா, வேறு ஏதாவதா என்று சொல்ல வராது. இப்போது மூக்கை விடுங்கள். வாயிலிருந்து உள்வழியாக மூக்குக்கு ஏறும் காற்றோடு மிளகு 'வந்து சேரும்': கொஞ்சம் பைன் மரம், கொஞ்சம் எலுமிச்சைத் தோல், அடியில் மண்ணும் மரமும் கலந்த ஒரு கனம்.

முதலில் வந்தது பைப்பரினின் வேலை. டென்மார்க் விஞ்ஞானி ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் 1819-இல் இதைப் பிரித்தெடுத்தார். அடுத்த ஆண்டே மின்சாரம் பாயும் கம்பி திசைகாட்டி முள்ளை அசைப்பதைக் கண்டு உலகப் புகழ் பெற்ற அதே ஓர்ஸ்டெட்தான். மிளகு ஆராய்ச்சி அதன் நிழலில் மறைந்துபோயிற்று. காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில், மிளகாயின் காப்சைசினுக்கு 1.6 கோடி என்றால் பைப்பரினுக்குச் சுமார் ஒரு லட்சம்தான். ஆனால் இரண்டும் தட்டுவது ஒரே கதவை. 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டை உணர்வதற்காக நரம்பு முனைகளில் இருக்கும் டி.ஆர்.பி.வி.1 என்னும் புரதம் அது. 1997-இல் அதை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு, ஆர்டம் படாபூடியனோடு சேர்த்து 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. நாக்கின் சுவை மொட்டுகளுக்கு இதில் பங்கில்லை. மிளகின் காரம் ஒரு சுவையே அல்ல, சூடு பட்டதாக நரம்பு எழுப்பும் அலறல்.

இரண்டாவதாக வந்தது மணம். பைனீன், சபினீன், லிமோனீன், காரியோஃபிலீன் என்று அந்த எண்ணெயில் பல பொருள்கள். ஆனால் 'இது மிளகுதான்' என்று மூக்குக்கு அடித்துச் சொல்லும் பொருளை நெடுநாள் யாரும் பிடிக்கவில்லை. அதைப் பிடித்தவர்கள் ஒயின் ஆராய்ச்சியாளர்கள். ஷிராஸ் வகை ஒயினில் வரும் மிளகு வாசனை எதனால் என்று தேடிய ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்தார், 2008-இல் ரொட்டண்டோன் என்ற மூலக்கூறில் வந்து நின்றார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 8 நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடுகிறது. அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் எட்டுப் பங்கு. மிளகில் இது தாராளமாகவே இருக்கிறது. நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி: ரொட்டண்டோனுக்குப் பெயர் கொடுத்தது கோரைக்கிழங்கு, சைபரஸ் ரொட்டண்டஸ். முத்தக்காசு என்று நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக் குளியல் பொடியில் சேர்க்கிறோமே, அதேதான்.

இனி சுருட்டுக்கு வருவோம். புகையிலையில் பைப்பரின் கிடையாது, புகையிலும் கிடையாது. அங்கே இருப்பவை வேறு. செடியின் உச்சியில் நல்ல வெயில் வாங்கி வளரும் தடித்த இலையில் நிகோட்டின் அதிகம், கீழ் இலைகளில் குறைவு. 'மிதம்', 'மிதத்துக்கு மேல்', 'முழு அழுத்தம்' என்று சுருட்டுகளைப் பிரிப்பதில் பெரும் பங்கு இந்த உச்சி இலை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதற்குத்தான். அறுத்த இலையைக் காயவைத்து, குவித்து வைத்துப் புளிக்க வைக்கும்போது அம்மோனியா வெளியேறுகிறது. அப்படிப் பக்குவப்பட்ட சுருட்டின் புகை, அமிலத்துக்கு எதிரான வேதியியல் பொருளில், காரத்தன்மை உடையது. சிகரெட் புகை சற்று அமிலத்தன்மை கொண்டது. காரத்தன்மையுள்ள புகையில் நிகோட்டின் கட்டற்ற வடிவில் இருப்பதால், புகையை உள்ளே இழுக்காமலே வாயின் உள்தோல் வழியாக ரத்தத்தில் ஏறிவிடும். 'நான் உள்ளே இழுப்பதில்லை' என்று சுருட்டுப் பிரியர்கள் சொல்லும் சமாதானம் எடுபடாததற்கு இதுவே காரணம். வாய்ப் புற்றுநோய்க்கும் இந்தச் சமாதானம் தெரியாது.

மதிப்பெண் போடுபவர்கள் புகையைக் கொஞ்சம் மூக்கு வழியாக விட்டுப் பார்ப்பார்கள். அங்கேதான் 'மிளகு' தெரியும். நிகோட்டினும், இலை எரியும்போது உண்டாகும் ஆல்டிஹைடுகளும் டி.ஆர்.பி.ஏ.1 என்ற இன்னொரு நரம்புப் புரதத்தைத் தூண்டுகின்றன. கடுகு நெடி ஏறும்போது வேலை செய்வதும் அதுவே. நிகோட்டின் அதைத் தூண்டுவது 2009-இல் தெரியவந்தது. 2010-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மிளகைச் சோதித்தபோது, பைப்பரின் டி.ஆர்.பி.வி.1-ஐ மட்டுமல்ல, டி.ஆர்.பி.ஏ.1-ஐயும் தூண்டுவதைக் கண்டார்கள். எனவே புகையில் மிளகை உணர்ந்ததாக எழுதுபவர் கதை விடவில்லை. நரம்பின் கணக்கில் அவர் சொல்வது சரி. வாசனையின் கணக்கில் அது வேறு சரக்கு.

தமிழர்களுக்கு இந்தச் சங்கதி அந்நியமில்லை. திருச்சி உறையூரிலும் திண்டுக்கல்லிலும் சுருட்டிய சுருட்டுகள் லண்டன் வரை போயின. 1887-இல் வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே இது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுவார். யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. அதன் காரத்துக்கு அங்கே தனி மவுசு.

மட்டாஞ்சேரிக்குத் திரும்பினால், கையையும் கண்ணையும் மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2012 டிசம்பரில் ஒரு பாடம் கிடைத்தது. முன்பேரச் சந்தைக்காகக் கொச்சிக் கிடங்குகளில் வைத்திருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகை உணவுப் பாதுகாப்புத் துறையினர் பூட்டி முத்திரையிட்டார்கள். மிளகில் கனிம எண்ணெய் கலந்திருந்தது. எண்ணெய் பூசிய மிளகு கறுப்பாகப் பளபளக்கும், பூஞ்சை தெரியாது, தூசி எழாது. லிட்டர் வெயிட் இதைக் காட்டிக்கொடுக்காது, ஆய்வகம்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். நறுமணப் பொருள் வாரியத்தின் தர ஆய்வுக்கூடம் அதே கொச்சியில் இருக்கிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் கருவியிடம் ஒப்படைத்துவிடலாமா? மைசூரில் இருக்கும் உணவு ஆராய்ச்சி நிலையமான சி.எஃப்.டி.ஆர்.ஐ.யின் விஞ்ஞானி வி.எஸ்.கோவிந்தராஜன் 1977-இல் மிளகின் வேதியியலையும் தரமதிப்பீட்டையும் பற்றி நீண்ட ஆய்வுரை ஒன்றை வெளியிட்டார். கருவி தரும் எண்களோடு, பழக்கிய மனிதர்களின் நாவும் மூக்கும் சொல்வதையும் பொருத்திப் பார்க்கும் வழி அவருடையது. சரியான வழி என்றே எனக்குப் படுகிறது. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ஆஸ்திரேலியச் சோதனையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ரொட்டண்டோன் வாசனையே தெரியவில்லை, அளவைப் பல நூறு மடங்கு கூட்டிக் கொடுத்தபோதும். அவர்களுக்கும் மிளகு குத்தும், காரமும் தெரியும். மணத்தின் ஒரு பகுதி மட்டும் அவர்களைப் பொறுத்தவரை இல்லவே இல்லை. மதிப்பெண் போட உட்காருபவர், சுருட்டுக்கோ ஒயினுக்கோ மிளகுக்கோ, தான் எந்தப் பக்கம் என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

வீட்டு உபயோகத்துக்கு இவ்வளவு போதும். மிளகை முழுசாக வாங்குங்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். பப்பாளி விதையும் பொக்கும் மிதக்கும், நல்ல மிளகு அடியில் தங்கும். வெளிச்சம் பட்டால் பைப்பரின் உருமாறிக் காரம் குறையும், எனவே கண்ணாடிப் புட்டியை ஜன்னலோரம் வைக்காதீர்கள். மணம் ஆவியாகப் போகும் சரக்கு. ரசத்துக்கு மிளகை இடிப்பது அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான்.