டோக்கன் நூறுதான், நர்ஸ் எத்தனை பேர் வேண்டும்?

செட்டியார்பட்டியில் இருந்து ராஜபாளையம் அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது ஓ.பி. சீட்டு வரிசையைத்தான். “நூறு பேர்தானே, சீக்கிரம் முடிஞ்சிடும்” என்று நினைப்போம். ஆனால் அதே நூறு பேருக்கு ஒரு நாள் ஒரு செவிலியரே போதும். இன்னொரு நாள் மூன்று பேர் வேண்டியிருக்கும். ஏன்?

வார்டில் படுக்கைகளை வைத்துக் கணக்கிடலாம். பொது மருத்துவமனையில் 5 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். புறநோயாளிப் பிரிவில் படுக்கை கிடையாது. அங்கே கணக்கிட வேண்டியது, ஒவ்வொருவருக்கும் செவிலியர் செலவிடும் நிமிடங்களை.

எப்படிக் கணக்கிடுவது?

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு செவிலியர் ஒரு நாளில் நோயாளிகளுக்காக 360 நிமிடம் தர முடியும் என்று வைத்துக்கொள்வோம்.

• திங்கள்: காய்ச்சல், சளி 80 பேர் (தலா 3 நிமிடம்), ஊசி 20 பேர் (தலா 5 நிமிடம்). மொத்தம் 340 நிமிடம். ஒருவர் போதும்.

• செவ்வாய்: சுகர், பிரஷர் 70 பேர் (தலா 8), புண்ணுக்குக் கட்டு மாற்ற 10 பேர் (தலா 15), கர்ப்பிணிகள் 20 பேர் (தலா 12). மொத்தம் 950 நிமிடம். மூன்று பேர் தேவை.

உலக சுகாதார நிறுவனம் 1998-இல் வெளியிட்டு 2010-இல் திருத்திய ‘விஸ்ன்’ முறையின் அடிப்படையும் இதுதான். பதிவேடு எழுதுவது, ஆன்லைனில் ஏற்றுவது போன்ற வேலைகளுக்கும் அதில் நேரம் ஒதுக்கப்படும். இருக்கும் செவிலியர் எண்ணிக்கையைத் தேவையான எண்ணிக்கையால் வகுத்தால், விடை 1-க்குக் கீழே இருக்கும் இடத்தில் வேலைப்பளு அதிகம் என்று பொருள்.

நமக்கு என்ன பயன்?

பிரஷர் பார்க்கும் முன் 5 நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். அவசரத்தில் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டலாம். கர்ப்பிணியின் கால் வீக்கத்தை, சுகர் நோயாளியின் பாதப் புண்ணைக் கவனிக்கவும் நேரம் வேண்டும். ஆள் குறைந்தால் முதலில் விடுபடுவது இவைதான்.

நீங்கள் செய்யக்கூடியவை

• சீட்டு வாங்கும்போதே எதற்காக வந்தீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பழைய சீட்டையும் கொண்டு போங்கள்.

• பதிவு கவுன்டரில் கியூஆர் கோடு இருந்தால், 14 இலக்க ஆபா எண் வைத்திருப்பவர்கள் மொபைலில் ஸ்கேன் செய்து டோக்கன் பெறலாம்.

• தொடர்ந்து சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே மாத்திரை பெற முடியுமா என்று கேளுங்கள். மாத்திரைக்காக மட்டும் வருவோர் குறைந்தால், அந்த நேரம் கட்டு மாற்றக் காத்திருப்பவருக்குக் கிடைக்கும்.

• மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.